டிவிடிப் பூட்டும் புறக்கோட்டைச் சாவியும்

சின்ன வயசில கனடா மாமி இரண்டு படங்களின் டிவிடி கொண்டுவந்தா. காசு கொடுத்து வாங்கிய அசல். எங்கட பிளேயரில் போட்டால் ஓடவில்லை. அப்பா புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய், எல்லா வலய டிவிடியும் ஓடுகிற பிளேயர் ஒன்று வாங்கிவந்தார். பிறகு, கீறல் விழுமுன் இருக்கட்டும் என்று அண்ணா கணினியில் ஒரு கொப்பியும் எடுத்து வைத்தான். இதில யார் களவு செய்தது?

1996இல் டிவிடி விற்பனைக்கு வந்தபோதே அதில் இரண்டு பூட்டுகள் இருந்தன. ஒன்று வலயப் பூட்டு: கனடாவும் அமெரிக்காவும் 1, நாங்கள் 5. மற்றது சிஎஸ்எஸ் என்ற குறியாக்கம். 1999இல் நோர்வேயின் யோன் லெக் யோஹான்சன் என்ற பதின்ம வயதுப் பெடியனும் வேறு சிலரும் அந்தக் குறியாக்கத்தை உடைக்கும் நிரலை வெளியிட்டார்கள். வழக்கு வந்தது. 2003 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேன்முறையீட்டிலும் விடுதலைதான். தான் வாங்கிய தட்டைத் தானே திறந்து பார்ப்பது குற்றமில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவில் கதை வேறு. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, பூட்டை உடைப்பதே தவறு. இந்தியா 2012இல் கொண்டுவந்த திருத்தமோ, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம் என்கிறது.

எங்கட புலமைச் சொத்துச் சட்டமும் யோஹான்சன் விடுதலையான அதே 2003இல் வந்ததுதான். 36ஆம் இலக்கச் சட்டம். 12ஆம் பிரிவின்படி, சட்டபூர்வமான பிரதியிலிருந்து ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு ஒரேயொரு பிரதி எடுக்கலாம். முழுப் புத்தகத்தைப் போட்டோக்கொப்பி அடிப்பது போன்றவைக்கு இது பொருந்தாது. இன்னொரு பிரிவு, பிரதித் தடுப்பை உடைக்கவென்றே செய்த கருவிகளை விற்கவோ வாடகைக்கு விடவோ தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கிறது.

நான் வாசித்து விளங்கிக்கொண்ட அளவில், சட்டத்தின் கண் சாவி வியாபாரி மேலேதான்; வீட்டில் தன் பூட்டைத் திறப்பவர் மேல் இல்லை. அப்பா வாங்கிய பிளேயர் பிரதி எடுக்கிற கருவியே இல்லை. அண்ணா எடுத்ததும் ஒரு கொப்பிதான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. கொப்பி எடுக்க உரிமை தந்துவிட்டு, அதற்கான சாவியை விற்காதே என்றால், அந்த உரிமை கணினி தெரிந்த அண்ணாமார் இருக்கிற வீடுகளுக்கு மட்டும்தானா?

ஒரு தட்டை நூறாக்கி நடைபாதையில் விற்றவர்களுக்காக நான் வாதாடவில்லை. அதில் எங்கட கலைஞர்களின் வயிறும் அடிபட்டது. ஆனால் எங்கட பழைய நாடகமும் பாட்டும் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் பூஞ்சணம் பிடித்த கசெற்றிலும் தட்டிலும்தான் கிடக்குது. ஒரே பிரதியை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று 1981இல் யாழ். நூலகம் எரிந்தபோது நாங்கள் பார்த்தோம். விற்கக் கொப்பி அடிப்பதையும் காப்பாற்றக் கொப்பி எடுப்பதையும் ஒரே களவு என்று சொல்லாதீங்கோ. மாமியின் அசல் தட்டு இப்போ ஓடாது. அண்ணாவின் கொப்பி ஓடுது.