அத்தான் வயிற்றில் ஒரு குடைக்கம்பி

அத்தானின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, உடைந்த குடையை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். முதுகெலும்பின் ஓரமாகக் கூம்பு வடிவில் மெல்லிய கம்பிகள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகாமல் தடுக்கும் ஃபில்டராம். இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து கொடுக்க முடியாததால் தற்காலிகமாக வைத்தது. நான்கு வருஷமாகிவிட்டது. எடுத்துவிடலாம் வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் கூப்பிடவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

குழாய்களோடு முப்பது வருஷம் மாரடித்தவன் என்பதால் அதன் கதை என்னை இழுத்தது. முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து பெருஞ்சிரையையே கட்டிவிடுவார்களாம்; கால்கள் வீங்கிப் போகும். 1960களில் மொபின்-உத்தின் என்ற டாக்டர் துளையிட்ட குடை ஒன்றைச் செய்தார். அது அடிக்கடி அடைத்துக்கொண்டது. பிறகு அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் லாசர் கிரீன்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், எண்ணெய்த் தொழிலுக்குக் கருவிகள் செய்த கார்மன் கிம்மெல் என்ற பொறியாளரிடம் போனார். எண்ணெய்க் குழாயில் கசடு பிடிக்கும் கூம்புதான் 1973இல் ரத்தக்குழாய்க்குள் வந்தது. கூம்பின் உயரத்தில் 70 சதவீதம் நிரம்பினாலும் குழாயின் குறுக்களவில் பாதிதான் அடைபடும். ஓரமாக ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது.

ஆனால் பலன் உண்டா என்று முறையாகச் சோதித்த முடிவு 1998இல்தான், பிரான்சிலிருந்து வந்தது. 400 நோயாளிகள். முதல் 12 நாளில் நுரையீரல் அடைப்பு, ஃபில்டர் வைத்தவர்களில் 1.1 சதவீதம், வைக்காதவர்களில் 4.8. இரண்டு வருஷத்தில் கால் சிரையில் மறுபடி கட்டி வந்தது முறையே 20.8, 11.6. எட்டு வருஷம் கழித்தும் நுரையீரல் அடைப்பு குறைவுதான். இறப்பில் மட்டும் வித்தியாசமே இல்லை. அவர்கள் எல்லோரும் மருந்தும் சாப்பிட்டவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அத்தானின் நிலைமை வேறு.

எடுக்கக்கூடிய ஃபில்டர்கள் வந்ததும் தாராளமாக வைத்தார்கள், எடுக்கத்தான் மறந்தார்கள். 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இடம் நகர்ந்தது, கம்பி முறிந்தது, சிரையைத் துளைத்தது என்று 900க்கு மேல் புகார்கள் வந்திருப்பதாகச் சொல்லி, ஆபத்து நீங்கியதும் எடுத்துவிடுங்கள் என்றது.

அத்தானின் ஸ்கேனில் ஒரு கம்பி சிரைச் சுவரில் புதைந்திருக்கிறது. கழுத்து வழியாக எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் புது டாக்டர். "சும்மா கிடக்கிறதை ஏன் நோண்டணும்?" என்கிறாள் அக்கா. புதன்கிழமை மூவருமாகப் போகிறோம்.