மருத்துவம் படிக்கும்போதே குழந்தை: விடுப்பு கிடைக்குமா?

சிங்கப்பூரில் பள்ளி முடித்துச் சேர்ந்தால் மருத்துவப் படிப்பு 5 ஆண்டு. வேறொரு பட்டம் வாங்கிவிட்டு டியூக்-என்யுஎஸ்ஸில் சேர்ந்தால் மேலும் 4 ஆண்டு. "எல்லாம் முடியட்டும், அப்புறம் குழந்தை"ன்னு எல்லாராலும் காத்திருக்க முடியாது. நீங்களும் அப்படி யோசிக்கிறீங்களா?

16 வார மகப்பேற்று விடுப்பு உண்டா?

மாணவி என்ற முறையில் இல்லை. அது ஊழியர்களுக்கும் சொந்தத் தொழில் செய்வோருக்கும் உரியது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 90 நாள் வேலை பார்த்திருந்தால், அரசாங்கத்தின் மகப்பேற்று ரொக்கச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். மற்றபடி, படிப்பிலிருந்து தற்காலிக விடுப்புக்குப் பல்கலைக்கழகத்திடம்தான் கேட்கவேண்டும்.

சில வாரம் போதாதா?

விரிவுரையைத் தோழியிடம் குறிப்பு வாங்கிப் படிச்சிடலாம். வார்டு பயிற்சியை அப்படி ஈடுகட்ட முடியாது. ஒரு சுற்று தவறினால், அது மறுபடி வரும்வரை காத்திருக்கணும். சில நேரம் ஓராண்டே தள்ளிப்போகும். கூடப் படிச்சவங்க முன்னே போயிடுவாங்க.

எப்போது சொல்வது?

சீக்கிரமே. எக்ஸ்ரே கதிர்வீச்சு, சின்னம்மை நோயாளிகள் போன்ற ஆபத்துகளிலிருந்து உங்களைத் தள்ளிவைக்க, விஷயம் தெரிந்தால்தானே முடியும்?

பணத்துக்கு?

'பேபி போனஸ்' பெறத் தாய் வேலையில் இருக்கவேண்டியதில்லை. குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாகவும் பெற்றோர் சட்டப்படி மணமானவர்களாகவும் இருந்தால், முதல் இரு குழந்தைகளுக்குத் தலா 11,000 வெள்ளி. சில குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் 2 மாதத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளும்.

தேதி குறிப்பதற்குமுன் கல்லூரியிடம் இதைக் கேளுங்க: நான் தவறவிடும் சுற்று மறுபடி எப்போ வரும்?