ஒலிநாடாவும் கேட்கும் செவியும்

கசெற் என்று நாம் அழைக்கும் ஒலிநாடாவை பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. 3.81 மில்லிமீற்றர் அகலமுள்ள அந்த நாடா, செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிப் போனவர்கள் கொண்டுவந்த ரேப் ரெக்கோடர்களோடு அது எங்கள் வீடுகளில் இடம்பிடித்தது. எழுத வாசிக்கத் தெரியாத தாய்மாரும் கசெற்றில் பேசிப் பிள்ளைகளுக்கு அனுப்பினர். ஏட்டில் ஏறாத குரல்கள் பல அவ்வாறுதான் ஆவணமாயின.

வடமராட்சியின் கரவெட்டி, ஒலியோடு தொடர்புள்ள ஊர். 1932 இல் அங்கு பிறந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி, இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ வானொலித் தொடர் நாடகத்தில் விதானையாராக நடித்தவர். அந்த மண்ணில் கசெற்றுகள் தப்பியிருப்பதே பெரிய காரியம். 1987 மே 26 இல் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை தொடங்கியது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது.

கரவெட்டியில் நண்பர் ஒருவரின் வீட்டில் எஞ்சிய கசெற்றுகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் நானும் சேர்ந்துகொண்டேன். 90 நிமிடக் கசெற்றை வழமையான வேகத்தில் ஓடவிட்டால் 90 நிமிடம் செல்லும். நூறு கசெற்றுக்கு 150 மணி நேரம். இதற்கொரு குறுக்குவழி உண்டு. ஸ்ரீரியோக் கசெற்றில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு தடங்கள் உள்ளன. 1979 இல் வெளிவந்த ‘போர்ட்டாஸ்டுடியோ’ வகை இசைப்பதிவுக் கருவி நான்கு தடங்களையும் ஒருசேர, இரட்டிப்பு வேகத்தில் வாசிக்கக்கூடியது. அதை நான்கு உள்ளீடுகள் உள்ள ஒலி அட்டையோடு இணைத்து, செக்கனுக்கு 96,000 தடவை ஒலியை அளந்து பதியுமாறு மென்பொருளைப் பணிக்க வேண்டும். பின்னர் அதே பதிவை 48,000 என்று குறித்தால், கீச்சுக் குரல் இயல்பான குரலாகிவிடும். மறுபக்கம் பின்னோக்கிப் பதிவாகியிருக்கும். 2000 இல் வெளியான ‘ஓடாசிற்றி’ போன்ற இலவச மென்பொருள் அதை நேராகத் திருப்பித் தரும். 90 நிமிடக் கசெற் இருபத்திரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதில் இழப்பும் உண்டு. வேகம் இரட்டித்தால் 10,000 ஹேர்ட்ஸ் ஒலி 20,000 ஆகிறது. கருவி அதைச் சரியாக ஏந்தாவிடில் இசையின் மெல்லிய மேலொலிகள் மங்கும். பேச்சுக்கு இதனால் பெரும் பாதகமில்லை.

பெரிய இழப்பு வேறு. அந்த வேகத்தில் ஓடுவதை எவரும் கேட்பதில்லை. திரையில் அலைக்கோடுகளைத்தான் பார்க்கிறோம். யாழ்ப்பாண நகரில் பதிவான ஓர் இலக்கியக் கூட்டத்தின் கசெற்றில் ஆண்டு எழுதப்பட்டிருக்கவில்லை. ஏற்றி முடித்தபின் ஆறுதலாகக் கேட்டபோது, பேச்சாளரின் குரலுக்குப் பின்னால் அஸர் தொழுகைக்கான பாங்கொலி மெல்லக் கேட்டது. 1990 ஒக்டோபர் 30 இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். ஆகவே கூட்டம் அதற்கு முந்தியதாகலாம் என்று ஊகித்தோம். அலைக்கோட்டில் அந்தப் பாங்கு ஒரு சிறு நடுக்கம் மட்டுமே. வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் தம் வீட்டுக் கசெற்றுகளை எடுத்துவர முடியவில்லை. அயலவரின் கசெற்றில் அவர்களின் வாழ்வு இப்படிப் பின்னணியாக எஞ்சியிருக்கிறது.

அதற்காக வேகத்தை வெறுக்க வேண்டியதில்லை. ஓட்டும் கருவிகள் அருகிவிட்டன, நாடாக்களும் பழுதடைகின்றன. விரைவாக ஏற்றிவிடுவது முதற்கடன். குரல்களை அடையாளம் காணக்கூடிய முதியவரைப் பக்கத்தில் இருத்தி ஆறுதலாகக் கேட்டு, யார், எங்கே, எப்போது என்று எழுதிவைப்பது இரண்டாவது கடன். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சு நூல்களோடு நில்லாது, ஒலி ஒளிப் பதிவுகளுக்கென ‘ஆவணகம்’ தளத்தையும் உருவாக்கியது. சேமிக்க இடம் கிடைத்துவிட்டது. புத்தளத்திலும் மன்னாரிலும் கிழக்கிலும் அலுமாரிக்குள் கிடக்கும் கசெற்றுகளை எடுத்துக்கொண்டு, உம்மாமார் வாப்பாமார் அருகில் நாம் உட்கார வேண்டியதுதான் பாக்கி.