ஒரே லயத்தில் இரண்டு ஜப்பான்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. அதற்கு முன்பே வெள்ளைக்காரத் துரைமார் மலாயாவின் ரப்பர் தோட்டங்களை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். பால் வெட்டும் கைகள் இருந்தன. பாலை வாங்குவோர் இல்லை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கில் உயிர் வளர்த்த அந்தத் தமிழ்க் குடும்பங்களிடம்தான் ஜப்பான் ராணுவம் ஆள் கேட்டு வந்தது. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட வேண்டும்.

மூன்று மாத வேலை, கை நிறையக் கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு யாரும் முன்வராதபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று பிடித்தார்கள். இலவசப் படம் என்று அழைத்துக் கதவைப் பூட்டி, லாரியில் ஏற்றிய கதையை மலேசியாவில் இன்றும் பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள்.

415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் இருக்கலாம். மாண்டவர்கள் 80,000க்கும் மேல் என்பது மதிப்பீடு. கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று அதட்ட ஆளிருந்தது. தமிழர் முகாம்களில் அந்த ஆள் இல்லை. மழைக்காலத்துக் காலரா முகாம் முகாமாக வாரிக்கொண்டு போனது.

அதே 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். தோட்டத்து இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படைக்குப் போனார்கள். தேசப்பற்றோடு போனவர்கள் உண்டு, சயாம் போகாமல் தப்பிக்கச் சேர்ந்தவர்களும் உண்டு. ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்கு ஜப்பான்காரன் தகப்பனைக் கொண்டுபோன எமன். அடுத்த வீட்டுக்கு விடுதலைக்குத் தோள்கொடுத்த கூட்டாளி. சில குடும்பங்களில் இரண்டு நினைவும் ஒரே பாயில் படுத்திருந்தன.

1982இல் அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தார். ஜப்பானியத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் வேலைக்குப் போன பேரப்பிள்ளைகளிடம் ஜப்பானியர் மீது பெரும் பகை இல்லை. இதை மறதி என்று சிலர் குறைசொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. தாத்தாவைப் பிடித்துப்போன கைக்கு அந்தக் குடும்பங்களில் முகமே கிடையாது. அந்த ரயில் பாதையில் கைதியாக இருந்த எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்கு, தன்னைச் சித்திரவதை செய்த விசாரணையில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த நாகாசே தகாஷியைத் தெரியும். 1993இல், அந்தப் பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருவரும் சந்தித்தார்கள். மன்னிப்பு கேட்கவும் கொடுக்கவும் முடிந்தது. நம் விதவைகளின் வாசலுக்கு எந்த நாகாசே வந்தார்?

பேரப்பிள்ளைகளின் கோபம் வேறிடத்தில் இருக்கிறது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதிகளின் சமாதிகளைப் பராமரித்துக் காக்கிறார்கள். அங்கே தமிழ்க் கூலிக்கு இடமில்லை. 1990இல் அதே ஊரில் கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. தோற்ற ஜப்பான் எண்ணாதது போலவே, வென்ற பிரிட்டனும் தன் சாம்ராஜ்யத்துக்குப் பால் வெட்டியவர்களை எண்ணவில்லை. எனக்கு இந்த இரண்டாவது துரோகம்தான் அதிகம் வலிக்கிறது.

2023 மே மாதம் காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரை வளாகத்தில் அவர்களுக்குத் தமிழர்கள் நடுகல் நட்டார்கள். பாதை முடிந்து ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெயர்ப்பட்டியலைத் தேடும் வேலை இன்னும் நடக்கிறது.