உடல் பருமனும் தோட்டத்து வரலாறும்



பருமனானவரைக் கண்டால், "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று பழிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு வேறொரு கேள்வியை எழுப்புகிறது. அவ்வாண்டு மலேசியப் பெரியவர்களுள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ உடையவர்களாக இருந்தனர். இந்தியரிடையே அது 63.9 விழுக்காடாக இருந்தது. ஒரு சமூகத்தில் இத்தனை பேருமா வாயைக் கட்டத் தெரியாதவர்கள்? மரபுக் கூறுகளுக்கும் இதில் பங்குண்டு. எனினும் நம் வரலாற்றையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

தோட்டத்தில்

ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன் பிரட்டுக்கு நின்றனர். நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவினர். பால் வாளிகளைச் சுமந்து நடந்தனர். அவ்வுழைப்புக்கு நிறையச் சோறு தேவைப்பட்டது. குறைந்த கூலியில் வயிற்றை நிரப்பியவை சோறும் சீனித் தேநீருமே. உண்டதை உழைப்பு எரித்தது.

நகரத்தில்

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதனை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயத்தை விட்டோர் வீட்டோரக் கீரைப் பாத்தியையும் இழந்தனர். மாசாய், பாசீர் கூடாங், ஸ்கூடாய் வட்டாரங்களில் தொழிற்சாலை, காவல், லாரி ஓட்டுதல் எனப் பிழைப்பு மாறியது. பலர் இருட்டிலேயே பாலம் கடந்து சிங்கப்பூர் செல்கின்றனர். வேலை நேரம் குறையவில்லை. உடல் அசைவே குறைந்தது. சோற்றின் அளவோ மாறவில்லை.

மலிவின் விலை

சில வெள்ளியில் பசியாற்றுபவை ரொட்டி சானாயும் இனிப்புத் தேநீரும். மீனும் பழமும் அவ்வாறல்ல. சீனிக்கான அரசு மானியம் 2013இல்தான் நீக்கப்பட்டது. 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. நெடுங்காலம் மலிவாக்கப்பட்ட இனிப்பு, ஆறே ஆண்டுகளில் வரிக்குரியதாயிற்று! பழகிய நாக்கு அவ்வளவு விரைவில் மாறுமா?

இரவுப் பணி முடித்து, உறங்காமல் பள்ளிக்கு வரும் பெற்றோரை நான் காண்கிறேன். "நாள்தோறும் நடங்கள்" என்று அவர்களிடம் கூறுவது எளிது. அதற்கான நேரத்தை யார் தருவது?

ஆகவே, பழிப்பதை நிறுத்துவோம். தேநீரில் சீனியைக் குறைப்போம். சோற்றில் ஓர் அகப்பை குறைத்துக் கீரையைக் கூட்டுவோம். தொட்டியிலேனும் கீரை வளர்ப்போம். இவ்வரலாற்றை நம் பிள்ளைகளுக்கும் சொல்வோம். காரணம் அறிந்த பிள்ளை தன் தாயின் உடலைக் கண்டு நாணாது.