கல்வரி முதல் கல்வரி வரை – இந்திய நீர்மூழ்கிகளின் கதை

1961-ல் இந்தியக் கடற்படையிடம் ஒரு விமானம் தாங்கிக் கப்பல் இருந்தது. ஆசியாவில் அன்று வேறு எந்த நாட்டுக்கும் அப்படிச் சட்டென்று வாய்க்காத சொத்து அது. ஆனால் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுகூடக் கிடையாது! மாடி கட்டி முடித்துவிட்டு அஸ்திவாரத்துக்கு ஆள் தேடிய கதைதான்.

காரணம் எளிது. சுதந்திரத்துக்குப் பிறகு நமக்குக் கிடைத்தவற்றில் பல பிரிட்டிஷார் பயன்படுத்திவிட்டு விற்ற கப்பல்கள். 1948-ல் வந்த ஐ.என்.எஸ். டெல்லி, நியூசிலாந்துக் கொடியுடன் 'அக்கிலிஸ்' என்ற பெயரில் 1939-ல் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீயோடு சண்டை போட்ட கப்பல். 1957-ல் வந்த மைசூர், பழைய 'நைஜீரியா'. விக்ராந்த் கூட இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததால் பாதியில் நின்றுபோன 'ஹெர்குலிஸ்'தான். அதை 1957-ல் வாங்கி, மிச்ச வேலையை முடித்து, 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் கடற்படையில் சேர்த்தார்கள். கப்பல் மட்டுமல்ல, தலைமையும் வெகுகாலம் அவர்களுடையதே. 1958 ஏப்ரலில்தான் முதன்முறையாக ஓர் இந்தியர் கடற்படைத் தளபதி ஆனார். அவர் செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி.

சரி, நீர்மூழ்கிக்கு வருவோம். பாகிஸ்தானுக்கு 1964-ல் அமெரிக்கா ஒரு நீர்மூழ்கியைக் குத்தகைக்குக் கொடுத்தது. பழைய பெயர் 'டயாப்லோ', புதிய பெயர் 'காஸி'. அந்த ஒரே ஒரு கப்பல் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், 1965 போரைப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 7 இரவு பாகிஸ்தான் கப்பல்கள் குஜராத்தின் துவாரகைக்கு வந்து குண்டு வீசிவிட்டுப் போயின. விக்ராந்த் அப்போது பழுதுபார்ப்பில் கிடந்தது. சேதம் பெரிதில்லை, அவமானம் பெரிது. எங்கோ நீருக்கடியில் காஸி இருக்கிறது என்ற நினைப்பே ஒரு படையைத் தயங்க வைக்கப் போதும். நீர்மூழ்கியின் வேலையே அதுதான். டார்பிடோ போடுவது இரண்டாம் பட்சம்.

இந்தியா முதலில் கதவைத் தட்டியது பிரிட்டனில். வாங்கும் விலையிலும் கடன் நிபந்தனையிலும் ஒத்துவரவில்லை. சோவியத் யூனியன் கொடுக்கத் தயாராக இருந்தது. 1965-ல் ஒப்பந்தம். நம் மாலுமிகள் அங்கே போய் ரஷ்ய மொழியும் சேர்த்துப் படித்தார்கள். 1967 டிசம்பர் 8 அன்று, இன்று லாட்வியாவின் தலைநகராக இருக்கும் ரிகா துறைமுகத்தில், ஐ.என்.எஸ். கல்வரி இந்தியக் கொடியை ஏற்றியது. கட்டளை அதிகாரி கமாண்டர் கே.எஸ். சுப்பிரமணியன். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 8 நீர்மூழ்கி தினமாகக் கொண்டாடப்படுவது இதனால்தான். கல்வரி என்றால் ஆழ்கடலில் திரியும் புலிச்சுறா. மலையாளச் சொல் என்பார்கள். அதைத் தொடர்ந்து காந்தேரி, கரஞ்ச், குர்சுரா என்று மொத்தம் நான்கு வந்தன.

1971: ஒரு மூழ்கல், இன்னொரு மூழ்கல்

1971 போரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கராச்சியைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். டிசம்பர் 4 இரவு நிர்காட், நிபாட், வீர் என்ற மூன்று சிறிய ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கு வெளியே போய் 'கைபர்' என்ற நாசகாரிக் கப்பலையும் 'முஹாஃபிஸ்' என்ற கண்ணிவாரிக் கப்பலையும் மூழ்கடித்தன. இந்தப் படகுகள் துறைமுகத்தைக் காக்க உருவாக்கப்பட்டவை, நெடுந்தூரம் போகும் வகை அல்ல. அதனால் அவற்றைப் பெரிய கப்பல்களைக் கொண்டு இழுத்துப் போனார்கள். ஒட்டுக்கேட்பவர்களைக் குழப்ப வயர்லெஸ்ஸில் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள் என்றும் சொல்வதுண்டு. டிசம்பர் 4 கடற்படை தினம் ஆனது இப்படி.

ஆனால் நம் கதைக்கு முக்கியமானவை வேறு இரண்டு சம்பவங்கள்.

முதலாவது விசாகப்பட்டினத்தில். காஸி நவம்பர் மத்தியில் கராச்சியிலிருந்து கிளம்பியது. இலக்கு விக்ராந்த். விக்ராந்தின் பாய்லரில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாத நிலை. கிழக்குப் பிராந்தியத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் அதை அந்தமான் பக்கம் அனுப்பி மறைத்துவிட்டு, விசாகப்பட்டினத்திலேயே இருப்பது போல நாடகம் ஆடினார். பழைய நாசகாரியான 'ராஜ்புத்' விக்ராந்தின் பெயரில் செய்தி அனுப்பியது. ஊர்ச் சந்தையில் ஒரு பெரிய கப்பலுக்குத் தேவையான அளவு இறைச்சியும் காய்கறியும் ஆர்டர் செய்யப்பட்டன. உளவாளி இருந்தால் அவன் காதுக்கு எட்டட்டும் என்றுதான்! (காய்கறி வியாபாரியின் ஆர்டர் புத்தகம் போர் ஆயுதமானது உலகில் வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை.) டிசம்பர் 3-4 நள்ளிரவில் துறைமுகத்துக்கு வெளியே பெரும் வெடிச்சத்தம். காஸி 90-க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு அடியில் போய்விட்டது. ராஜ்புத் போட்ட வெடிகளால் மூழ்கியது என்பது இந்தியத் தரப்பு. தான் விதைத்த கண்ணிவெடியோ உள்ளே நடந்த விபத்தோதான் காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பு. இன்றுவரை முடிவு இல்லை.

இரண்டாவது சம்பவத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. டிசம்பர் 9 இரவு, டையூ அருகே 'குக்ரி' என்ற பிரிகேட் பாகிஸ்தானின் 'ஹங்கோர்' நீர்மூழ்கியைத் தேடிக்கொண்டிருந்தது. ஹங்கோர் பிரான்சில் கட்டப்பட்ட புதிய கப்பல். குக்ரியில் இருந்த சோனார் பழையது. அதன் எட்டும் தூரத்தைக் கூட்டும் ஒரு சோதனைக்காகக் கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வேட்டைக்குப் போனவர்கள் பார்ப்பதற்கு முன்பே ஹங்கோர் அவர்களைக் கேட்டுவிட்டது. ஒரு டார்பிடோ போதுமானதாக இருந்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தப்பிக்க வாய்ப்பு இருந்தும் கப்பலை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு நீர்மூழ்கி போரில் ஒரு கப்பலை மூழ்கடித்தது அதுவே முதல் தடவை.

நம்முடைய நான்கு நீர்மூழ்கிகளும் அந்தப் போரில் ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. எதிரிக் கப்பல்தானா என்று உறுதி செய்யாமல் தாக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அவற்றுக்கு இருந்தது. அதில் தவறில்லை, நடுநிலை நாட்டு வணிகக் கப்பல் ஒன்று மூழ்கியிருந்தால் கணக்கே மாறியிருக்கும். ஆனாலும் குக்ரியின் இழப்பு ஒன்றைக் காட்டிவிட்டது. கப்பல் வாங்கினால் மட்டும் போதாது, அதற்குள் இருக்கும் கருவி எந்த ஆண்டுச் சரக்கு என்பதும் உயிர் பிரச்சினை.

கட்டக் கற்றதும் மறந்ததும்

போருக்குப் பிறகு மேலும் நான்கு சோவியத் நீர்மூழ்கிகள் வந்தன: வேலா, வாகிர், வாக்லி, வாக்‌ஷீர். மேற்பரப்புக் கப்பல்களில் இந்தியா அதற்குள் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியிருந்தது. பம்பாய் மசகான் டாக்கில் பிரிட்டிஷ் வரைபடத்தை வைத்துக் கட்டிய நீலகிரி 1972-ல் சேர்ந்தது. 1983-ல் வந்த கோதாவரியில் மேற்கத்திய பாணி உடலுக்குள் ரஷ்ய ஏவுகணைகளைப் பொருத்தினார்கள். இரண்டு வெவ்வேறு உலகத்துக் கருவிகளை ஒரே கப்பலில் பேச வைத்தது சாதாரண காரியம் இல்லை. அந்த வரிசை நிற்காமல் ஓடியது. டெல்லி, கொல்கத்தா, விசாகப்பட்டினம் என்று அடுத்தடுத்த வகைகள் வந்தன.

நீர்மூழ்கியில்தான் சங்கிலி அறுந்தது.

1981 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ நிறுவனத்தோடு ஒப்பந்தம். இரண்டு கப்பல்கள் கீல் நகரில் கட்டப்படும், இரண்டு மசகான் டாக்கில். ஷிஷுமார், ஷங்குஷ் இரண்டும் 1986-ல் வந்தன. மசகானில் கட்டிய ஷால்கி 1992-ல் சேர்ந்தது. இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீர்மூழ்கி அதுவே. ஷங்குல் 1994-ல். மேலும் இரண்டு கட்ட இடம் வைத்திருந்தார்கள்.

ஆனால் 1987-லேயே இந்த ஒப்பந்தத்தில் 7 சதவீதம் கமிஷன் போயிருக்கிறது என்ற புகார் வெடித்துவிட்டது. போஃபர்ஸ் புயல் அடித்த அதே ஆண்டு. விசாரணை பல ஆண்டுகள் நடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை. தண்டனை அனுபவித்தது பட்டறைதான். கூடுதல் இரண்டு கப்பல்கள் கைவிடப்பட்டன, நிறுவனத்தோடு தொடர்பு முறிந்தது, கட்டுமான வரிசை நின்றது.

இதில் வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நீர்மூழ்கியின் அழுத்த உடலை வெல்டிங் செய்பவர் சாதாரண வெல்டர் அல்ல. தடித்த சிறப்பு எஃகை, வளைவு மாறாமல், எக்ஸ்ரேயில் ஒரு குமிழி தெரியாமல் ஒட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் அந்தத் தையல்தான் உள்ளே இருப்பவர்களின் உயிர். ஜெர்மனிக்கு ஆள் அனுப்பிக் கற்ற இந்தக் கைத்திறன் எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் சொத்தாக ஏறாது. அதனால் அது போனபோது நஷ்டக் கணக்கிலும் ஏறவில்லை. கற்றவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், ஓய்வு பெற்றார்கள். ஊழலைத் தடுக்க எடுத்த நடவடிக்கைக்கு எவ்வளவு செலவானது என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. ஊழலை விட்டுவிட வேண்டும் என்பது அல்ல. திருடனைப் பிடிக்கப் போய் கடையையே இழுத்துப் பூட்டுவது தண்டனை ஆகாது.

இடைவெளியை நிரப்பியவை 1986 முதல் 2000 வரை ரஷ்யாவிலிருந்து வந்த பத்து கிலோ வகைக் கப்பல்கள். 1999-ல் அரசு ஒரு முப்பதாண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது: மொத்தம் 24 நீர்மூழ்கிகள். அதன் முதல் ஒப்பந்தம் 2005 அக்டோபரில்தான் கையெழுத்தானது. பிரான்சின் ஸ்கார்பீன் வகை, ஆறு கப்பல்கள், 18,798 கோடி ரூபாய். பிறகு 23,562 கோடி. முதல் கப்பல் 2012-ல் வர வேண்டும். மசகான் டாக் எல்லாவற்றையும் மறுபடி அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

காத்திருந்த காலத்தில் பழைய கப்பல்கள் என்ன ஆயின? 2013 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் மும்பைக் கப்பல் தளத்தில் சிந்துரக்‌ஷக் வெடித்து மூழ்கியது. 18 பேர் இறந்தார்கள். ஆறே மாதத்தில், 2014 பிப்ரவரி 26 அன்று, சிந்துரத்னாவில் புகை பரவி இரண்டு அதிகாரிகள் பலியானார்கள். அன்றே தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். சிந்துகீர்த்தி விசாகப்பட்டினத்தில் பழுதுபார்ப்புக்குப் போய்த் திரும்ப ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஒரு கப்பலின் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு!

புதிய கல்வரி 2017 டிசம்பர் 14 அன்று சேர்ந்தது. ஷங்குலுக்கும் அதற்கும் நடுவே 23 ஆண்டுகள். அதிலும் ஒரு குறை. அதற்கென்று தேர்ந்தெடுத்த இத்தாலிய டார்பிடோ, ஹெலிகாப்டர் ஊழல் புகாரில் சிக்கிய குழுமத்தின் தயாரிப்பு. அதுவும் ரத்து. பழைய டார்பிடோக்களை ஏற்றிக்கொண்டே புதுக் கப்பல் கடலுக்குப் போனது.

அணுசக்தி என்ற தனிப்பாதை

இன்னொரு பக்கம், அதிகம் வெளியே தெரியாமல் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1988 முதல் 1991 வரை சோவியத் அணுசக்தி நீர்மூழ்கி ஒன்றைச் 'சக்ரா' என்ற பெயரில் குத்தகைக்கு எடுத்து ஓட்டிப் பழகினார்கள். சொந்தக் கப்பலுக்கான அணு உலையின் மாதிரி நம் கல்பாக்கத்தில் நிறுவப்பட்டது. 2009-ல் நீரில் இறக்கப்பட்ட அரிஹந்த் 2016-ல் படையில் சேர்ந்தது. 2018 நவம்பரில் முதல் ரோந்தை முடித்தது. 2024 ஆகஸ்டில் அரிகாத் சேர்ந்தது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு பங்கும் உண்டு. கடலுக்கடியில் இருக்கும் கப்பலுக்குச் சாதாரண ரேடியோ அலை எட்டாது. மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள் மட்டுமே சில மீட்டர் ஆழம் இறங்கும். அதை அனுப்ப வானுயர்ந்த கோபுரங்கள் வேண்டும். திருநெல்வேலி அருகே விஜயநாராயணத்தில் 1990-ல் தொடங்கிய அந்த நிலையத்தின் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். கடலே தெரியாத ஊரில் ஒரு கடற்படைத் தளம்!

விமானம் தாங்கிகளின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்று மட்டும். 2004-ல் ரஷ்யா 'கோர்ஷ்கோவ்' கப்பலை இலவசமாகத் தந்தது, புதுப்பிக்கும் செலவு மட்டும் 97.4 கோடி டாலர். 2013-ல் அது விக்ரமாதித்யாவாக வந்து சேர்ந்தபோது பில் 235 கோடி டாலர். இலவசம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கடற்படையில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெற்ற கப்பலின் பெயர் இன்னொரு கப்பலுக்குப் போகும். ஆறு ஸ்கார்பீன்களுக்கும் பழைய பெயர்களே: கல்வரி, காந்தேரி, கரஞ்ச், வேலா, வாகிர், வாக்‌ஷீர். கடைசியான வாக்‌ஷீர் 2025 ஜனவரி 15 அன்று சேர்ந்தது. அதே நாளில் அதே மும்பையில் சேர்ந்த பிரிகேட்டின் பெயர் நீலகிரி. குர்சுராவின் பெயர் மட்டும் இந்த வரிசையில் இல்லை. அது விசாகப்பட்டினக் கடற்கரையில் 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. வாக்லியையும் மாமல்லபுரத்தில் அப்படி நிறுத்தத் திட்டமிட்டுச் சென்னைத் துறைமுகம் வரை இழுத்து வந்தார்கள். அருங்காட்சியகம் மட்டும் எழவில்லை.

அடுத்த ஆறு நீர்மூழ்கிகளுக்கு 2021-ல் விலை கேட்கப்பட்டது. மசகான் டாக்கும் ஒரு ஜெர்மன் கூட்டாளியும் சேர்ந்து கொடுத்த விலைப்புள்ளி மீது 2025-ல் பேச்சுவார்த்தை தொடங்கியது. அந்த ஜெர்மன் கூட்டாளி தைசென்குரூப். கீல் நகரில் அதன் கப்பல் பட்டறை, பழைய எச்.டி.டபிள்யூவுடையது.