கல்லெழுத்தும் கடிதமும்



திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, கடலோரமாய் அமைந்தது எங்கள் நிலாவெளி. இவ்வூரிலே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழைமை உடையது. கோணமலையில் மச்சகேசுவரம் எனப்பட்ட சிவன் கோயிலுக்கு, நாள்தோறும் ஆகும் செலவின்பொருட்டு, 250 வேலி நிலம் உரித்தாக்கப்பட்டதை அது கூறுகின்றது.

இது கவிதை அன்று, அலுவல் எழுத்து. கோயில் எது, நிலம் எவ்வளவு, எதன்பொருட்டு என்பன ஐயமறக் குறிக்கப்பட்டுள்ளன. ஆதலின், எழுதியவர் மறைந்து பத்து நூற்றாண்டுகள் கழிந்தும் அவர் கருத்து நம்மை வந்தடைகின்றது.

இத்தகைய தெளிவு பயிற்சியால் வருவது. சோழராட்சியில் அரசனின் வாய்மொழி ஆணையைத் 'திருமந்திர ஓலை' என்னும் அலுவலர் எழுதுவார். 'ஓலைநாயகம்' அதனைச் சரிபார்ப்பார். அதன் பின்னரே அது வரிக்கணக்கில் ஏறும். எழுதியதை இன்னொருவர் கண்ணும் கண்டாக வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை.

இம்முறையின் அருமையை நான் பட்டே அறிந்தேன். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், ஏழை மாணவன் ஒருவனின் உதவிப்பணத்துக்காகக் கடிதம் எழுதினேன். அழகிய சொற்கள் நிறைந்த கடிதந்தான். ஆனால் அவன் எந்த வகுப்பில், எந்த ஆண்டுக்கு உதவி வேண்டுகிறான் என்பதைக் குறிக்க மறந்தேன். விளக்கம் கேட்டுக் கடிதம் திரும்பி வந்தபோது தவணை கடந்துவிட்டது. பிழை என்னுடையது, இழப்போ அவனுடையது.

அன்று தொட்டு, எழுதிய கடிதத்தை இன்னோர் ஆசிரியரிடம் படிக்கக் கொடுத்த பின்னரே ஒப்பமிடுகின்றேன். நம் எழுத்தை நம்பி ஒருவர் எங்கோ காத்திருக்கின்றார் என்பதை மறவாதிருப்போமாக.